பாக்கியைக் கேட்டால் பகையா? – சிறுதொழில் கேள்வி பதில்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்குப் பத்து வருடமாக ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை, பணம்தான் நாலு மாதம் இழுக்கிறது. அழுத்திக் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.
– வாசகர், கணபதி, கோவை

உங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர் பர்ச்சேஸ்காரர். பணம் போடுபவர் அக்கவுண்ட்ஸ்காரர். முன்னவர் கோபித்துக்கொள்வாரே என்று பின்னவரிடம் கேட்காமல் இருக்கிறீர்கள்.

முதலில் பில் எந்த மேஜையில் நிற்கிறது என்று பாருங்கள். டி.சி.யில் (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) 200 பீஸ், ஸ்டோர்ஸ் வரவில் 196. ரிஜெக்ட் ஆன நாலு பீஸுக்கு யாரும் டெபிட் நோட் (தொகையைக் கழிக்கும் சீட்டு) போடவில்லை. அந்த நாலுக்காக 200 பீஸின் பில்லும் ஃபைலில் தூங்கும். பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எண் விட்டுப்போனாலும், ரேட்டில் ஐம்பது பைசா வித்தியாசம் இருந்தாலும் இதே கதிதான். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகக் கேட்டால்தான் தெரியும்.

சரக்கு இறக்கிய அன்றே டி.சி. நகலில் ஸ்டோர்ஸ் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) எண்ணையும், பாஸான பீஸ் எத்தனை என்பதையும் கேட்டு பில்லில் எழுதுங்கள். மாதம் 5-ம் தேதிக்குள் பில் எண், தேதி, தொகை, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரே பக்கத்தில் பாக்கிப் பட்டியல் அக்கவுண்ட்ஸுக்குப் போகட்டும். பல கம்பெனிகளில் பேமென்ட் போட வாரத்தில் ஒரு நாள்தான். அது எந்த நாள் என்று தெரிந்துகொண்டு, இரண்டு நாள் முன்னால் போன் செய்யுங்கள். “பணம் எப்ப சார் வரும்?” என்று கேட்டால் “பார்க்கலாம்” என்பார்கள். “இந்த வார லிஸ்டில் என் பில் ஏறிடுச்சா சார்?” என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு பதில் வந்தே ஆகும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். கெடு தாண்டியும் மார்ச் 31 வரை தராமல் நிற்கும் பாக்கியை, வாங்கியவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருப்பதால், பிப்ரவரியில் அனுப்பும் பாக்கிப் பட்டியலுக்குத் தனி மரியாதை உண்டு. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.)

சிறுதொழில்களின் பாக்கிப் புகாருக்கான அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். ஆனால் அங்கே போன பிறகு பழைய உறவு இருக்காது. அந்த ஆர்டரே வேண்டாம் என்று மனம் தேறிய பிறகு போங்கள்.

பிளவுஸ் தைக்கிறேன். “முதல் தடவை துவைச்சதுமே டைட்டாயிடுச்சு” என்று சண்டைக்கு வருகிறார்கள். இலவசமாகப் பிரித்துத் தரத்தான் வேண்டுமா?
– வாசகி, மதுரை

பெரும்பாலும் குற்றவாளி லைனிங். பட்டு பிளவுஸ் என்றால், பட்டு அவ்வளவாகச் சுருங்காது, உள்ளே கொடுத்த காட்டன் லைனிங் சுருங்கும். பட்டு மேலே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். லைனிங்கை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நனைக்காமல் வெட்டியிருந்தால் தப்பு உங்களுடையது, காசு கேட்காதீர்கள்.

இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இஞ்ச் விட்டுத் தையுங்கள். கொடுக்கும்போதே புரட்டிக் காட்டி, “இங்கே துணி இருக்குக்கா, வேணும்னா பிரிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. முதல் ஒரு மாதத்துக்குள் ஒரு முறை பிரிப்பது இலவசம், பிறகு கூலி என்று ரசீதில் எழுதிவிடுங்கள். அளவு நோட்டில் அளவெடுத்த தேதியும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வந்து “நீங்கதான் தப்பா தைச்சீங்க” என்றால், டேப்பை எடுத்து இன்னொரு தடவை அளந்து காட்டினால் போதும். உடம்பு போட்டிருப்பதை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும்: முகூர்த்த மாதத்தில் கையில் இருக்கும் உருப்படியை எண்ணாமல் தேதி சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு நாலு பிளவுஸ் முடியும், கையில் 32 இருக்கிறது என்றால் புதிதாக வருவது ஒன்பதாம் நாள்தான். தாமதமாகும் என்றால் முதல் நாளே போன். பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பியவரைச் சமாதானப்படுத்த எந்த வார்த்தையும் கிடையாது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் புதுச் சரக்கு படம் போடுகிறேன். பாதிப் பேருக்குப் போகவே இல்லை.
– வாசகர், ஈரோடு

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். பில் போடும் இடத்திலேயே “நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க” என்று கேளுங்கள். தினம் அனுப்பினால் பிளாக் செய்வார்கள். மாதம் இரண்டு போதும்.

அட்டைப்பெட்டி தயாரிக்கிறேன். ஜி.எஸ்.டி. ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆனாலும் ஒரு கம்பெனி, “உங்க பில் எங்களுக்கு ஏறலை” என்று வரித் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதிதான் தருகிறது.
– வாசகர், சிவகாசி

நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுபவராக இருக்க வேண்டும். வரி கட்டினாலும், பில் விவரம் ஏறாமல் அவர்களுடைய 2-பி பட்டியலில் (அவர்களுக்கு வந்த பில்களை ஜி.எஸ்.டி. தளம் காட்டும் பட்டியல்) வராது. அதில் வராத வரியை அவர்கள் வரவு எடுத்து, தாங்கள் கட்டும் வரியில் கழிக்க முடியாது. ஏப்ரல் பில்லுக்கு ஜூலை வரை காத்திருக்க எந்த கம்பெனி சம்மதிக்கும்?

காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அடுத்த மாதம் 1 முதல் 13-ம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். (ரிட்டர்னுக்கு முன்பே பில் விவரம் ஏற்றும் ஜி.எஸ்.டி. தள வசதி) வழியாக ஏற்றுங்கள். ஏப்ரல் பில் மே 13-க்குள், மே பில் ஜூன் 13-க்குள். கடைசி மாதத்து பில் வழக்கமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை ரிட்டர்னில் போகும். எல்லா பில்லையும் ஏற்ற வேண்டியதில்லை, ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களுக்குப் போட்டவை மட்டும். வேறொருவர் எண்ணைப் போட்டுவிட்டால் பில் அவர் கணக்கில் போய் உட்காரும், சரிபார்த்து ஏற்றுங்கள். 14-ம் தேதி 2-பி வந்துவிடும். 15-ம் தேதி அவர்களுடைய அக்கவுண்ட்ஸுக்கு போன் போட்டு, “ஏறிடுச்சா, பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பிடித்து வைத்த தொகையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.