முன்பணம் கட்டும் முன் மூன்று நாள் அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 67. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். ஸ்கேனில் ப்ராஸ்டேட் 52 கிராம் என்று வந்திருக்கிறது. மருத்துவ முகாமில் பழக்கமான ஒருவர், "கத்தியே வைக்காமல் லேசரில் முடித்துவிடலாம், இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை" என்கிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். அந்த நபருக்கு ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் இருக்கலாம். உங்களைச் சோதித்துப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்கிறவரை நம்பாதீர்கள்.

52 கிராம் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 30 கிராமிலேயே அடைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு, 90 கிராமோடு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. அப்புறம் அந்த "கத்தியில்லாத" பேச்சு. ப்ராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும், பல வருடங்களாக நடக்கும் டியுஆர்பி அறுவை சிகிச்சையிலும் வயிற்றில் கீறல் கிடையாது, அதுவும் சிறுநீர்ப் பாதை வழியாகத்தான். லேசரோ டியுஆர்பி-யோ, மரத்துப்போக முதுகில் ஊசி, சிறுநீர் வெளியேற ஓரிரு நாள் டியூப், இரண்டிலும் உண்டு. அதன்பின் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பையின் பக்கம் போய்விடும். நீராவி கொண்டு சுருக்கும் ரெஸூம் சிகிச்சையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சில நாள் டியூபோடு இருக்க வேண்டும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

முதலில் ஒரு அளவு மக் வாங்கி, மூன்று நாள், பகலிலும் இரவிலும் போகும் சிறுநீரை நேரத்தோடு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில்தான் வருகிறது என்றால், முக்கியக் குற்றவாளி ப்ராஸ்டேட் அல்ல. கால் வீக்கம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று தேட வேண்டும். எந்த லேசரும் அதைத் தீர்க்காது.

உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். சென்ற வருடம் ஒருவர், வேட்டி மடிப்பில் யூரின் பையைச் செருகியபடி வந்தார். வேறோர் இடத்தில் லேசர் முடிந்து இரண்டு மாதம். டியூபை எடுத்தால் ஒரு சொட்டும் வரவில்லை. இருபது வருடச் சர்க்கரையில் சிறுநீர்ப்பை தளர்ந்துவிட்டிருந்தது. வழியைத் திறந்துவிட்டார்கள், தள்ளும் பைக்கு பலம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ, போன பிறகு பையில் மிச்சம் எவ்வளவு என்ற ஸ்கேன், சந்தேகம் இருந்தால் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ். சர்க்கரைக்காரர்கள் இவை இல்லாமல் சம்மதக் கையெழுத்துப் போடவே கூடாது.

ப்ராஸ்டேட்டுக்குத் தரும் மாத்திரைகளை ஒரு அட்டையோடு நிறுத்திவிட்டு "பலனில்லை" என்று சொல்லாதீர்கள். டாம்சுலோசின் சில நாட்களில் வேலை செய்யும், டுடாஸ்டெரைடு முழுப் பலன் தர ஆறு மாதம் கூட ஆகும்.

காப்பீடு இருந்தால் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு வருடக் காத்திருப்பு, லேசருக்குத் தனி உச்சவரம்பு என்று பல பாலிசிகளில் இருக்கும். இதை டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்ட்டரில்தான் சொல்கிறார்கள். அட்மிஷனிலேயே ஏன் சொல்லக்கூடாது என்று நானும் வருடக்கணக்கில் கேட்டு ஓய்ந்துவிட்டேன். நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.