முன்னோரின் பதவிப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1912ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பின் ‘முன்சீப்’ என்றிருக்கிறது. அவர் நீதிபதியா?

பதில்: ஜில்லா முன்சீப் என்றால், சட்டம் படித்து, அரசு நியமனம் பெற்று, ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற நீதிபதி. கிராம முன்சீப் வேறு. 1816ஆம் ஆண்டுச் சென்னை ரெகுலேஷன், சிறு பண வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை ஊர்த் தலைவருக்கே கொடுத்ததால் அவருக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆனால் கிஸ்தி, அதாவது நிலவரி, வசூலிப்பதும் பிறப்பு இறப்புக் கணக்கு வைத்திருப்பதுமே அவருடைய அன்றாடப் பணிகள். அக்காலத்தில் இப்பதவி பெரும்பாலும் தந்தைக்குப் பின் மகனுக்கு என வந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு இதனை, ஊர்க் கணக்கரான கர்ணத்தின் பதவியோடு சேர்த்து ஒழித்தது. ஆகவே அவர் பதவி வகித்தது சொந்த ஊரிலேயே என்றால், அவருடைய தந்தையும் அதே பதவியில் இருந்திருந்தால், கிராம முன்சீப் என்றே நான் கொள்வேன். அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிடாது. ஊரின் நிலமும் வரியும் அவரை அறியாமல் நகர்ந்ததில்லை.

கேள்வி: இலங்கைத் தோட்டத்தில் ‘கணக்கப்பிள்ளை’யாக இருந்த தாத்தாவும் ஊர்க் கர்ணமும் ஒரே வேலை பார்த்தவர்களா?

பதில்: இல்லை. கர்ணம் அடங்கல், சிட்டா முதலிய நிலக் கணக்குகளை எழுதியவர். அவரையும் ஊரார் கணக்கப்பிள்ளை என்றழைத்ததே குழப்பத்துக்குக் காரணம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மலையில் தொழிலாளர்களின் வேலையை மேற்பார்வை செய்தவர். உங்கள் குடும்பத்தில் யாரேனும் கங்காணியாக இருந்தாரா என்றும் விசாரியுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தே அழைத்துச் சென்றார்கள் என்பதால், அவருடன் சென்றவர்களின் ஊரைத் தேடினாலே உங்கள் பூர்விக ஊர் அகப்படக்கூடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்து மணியகாரரும் கொங்குநாட்டு மணியக்காரரும் ஒன்றா?

பதில்: சொல் ஒன்று, தகுதி வேறு. கொங்கில் அவர் ஒரு கிராமத்தின் தலைவர். யாழ்ப்பாணத்திலோ பல ஊர்கள் அடங்கிய பிரிவுக்கே மணியகாரர். அவருக்குக் கீழே உடையார், உடையாருக்குக் கீழே விதானையார். அந்த ஆவணங்களில் ‘உடையார்’ என்று கண்டவுடன் சாதிப் பெயரென்று எழுதிவிடாதீர்கள். அங்கே அது பதவி.

கேள்வி: ‘டபேதார்’ என்பது பட்டாளத்து வேலையா?

பதில்: குதிரைப்படையில் அது ஹவில்தாருக்கு நிகரான பதவி, கலெக்டர் அலுவலகத்திலோ சேவகர்களுள் மூத்தவர். பெயரோடு ரெஜிமென்ட் குறிக்கப்பட்டிருந்தால் முன்னது, அலுவலகம் குறிக்கப்பட்டிருந்தால் பின்னது.