பாடைச் சுழியும் சிவப்புக் கன்றும்

கேள்வி: ஐயா, தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. எங்கள் கட்டுத்தரையிலேயே பிறந்து வளர்ந்த காங்கேயம் கிடேரி, மயிலை நிறம் (சாம்பல் கலந்த வெள்ளை), நாலு பல். போன மாதம் தலைச்சன் ஈன்றது. கிடேரிக் கன்றுதான், ஆனால் நல்ல சிவப்பு. கறக்க உட்கார்ந்தால் தாய் உதைக்கிறது. மாடு பார்க்க வந்த தரகர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதுகுத் தண்டுக்கு ரெண்டு பக்கமும் சுழி, இது பாடைச் சுழி, வீட்டில் வைக்காதீங்க" என்று பாதி விலைக்குக் கேட்கிறார். கன்று ஜெர்சிக் கலப்பு என்றும் சொல்கிறார். அம்மா பயந்துபோய் விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விற்காதீர்கள். காரணத்தைக் கன்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எளிது.

காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாத வாக்கில் அந்தச் சிவப்பு கழிந்து சாம்பல் நிறம் ஏறும். காளைக் கன்றாக இருந்தால் பருவம் வந்த பிறகு திமிலும் கழுத்தும் தொடையும் இன்னும் கருக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்துவிடும். ஆகவே ஒரு மாதக் கன்றின் நிறத்தை வைத்து யாரும் கலப்பு என்று சொல்ல முடியாது. காதைப் பாருங்கள். சிறியதாக, கூர்மையாக, நிமிர்ந்து நிற்கிறதா? கழுத்துக்குப் பின்னால் திமில் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் சதைத் திரட்சி தட்டுப்படுகிறதா? ஜெர்சிக் கலப்பில் திமில் அமுங்கிப் போகும், நெற்றி குழிந்திருக்கும். ஊசி போட்டுச் சினைப்படுத்தியிருந்தால் விந்துக் குச்சியிலேயே இனமும் காளையின் எண்ணும் அச்சாகியிருக்கும். போட்டவரின் பதிவேட்டில் கேட்டு வாங்குங்கள். பூச்சிக்காளைக்கு (இனவிருத்திக்கென வளர்க்கும் காளைக்கு) விட்டிருந்தால் எந்தக் காளை என்று உங்களுக்கே தெரியும்.

இனி சுழி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான் மாட்டு வைத்தியத்துக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தால் நல்ல மாடுகள் அடிமாட்டு வண்டியில் ஏறுவதைப் பார்த்து வருகிறேன். அந்த வேதனை எனக்குப் பழகவே இல்லை.

சுழி என்பது மயிர் படுக்கும் திசை மாறும் இடம், அவ்வளவுதான். நாளைக் காலை வெயிலில் மாட்டைக் கட்டி, அந்தச் சுழியை இரண்டு விரலால் விலக்கிப் பாருங்கள். கீழே மற்ற இடத்தில் இருக்கும் அதே தோல்தான். வடு இல்லை, கட்டி இல்லை. கரு வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிட்ட மயிர்ச் சாய்வு அது, சாகும்வரை மாறாது.

பெயர்களைக் கவனியுங்கள்: பாடைச் சுழி, விலங்குச் சுழி, துடைப்பச் சுழி, கோபுரச் சுழி. எல்லாமே உவமைகள். முதுகில் தண்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் இரண்டு சுழி, பாடையின் இரண்டு கழி மாதிரி யாரோ ஒருவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. காலில் இருந்தால் விலங்கு, அதனால் சிறை. பின்பக்கம் இருந்தால் துடைப்பம், அதனால் வீடு துடைத்துப் போகும். சொல்லில் பிறந்த ஒப்புமை, பலனாக மாறி, பிறகு விலையாக மாறிவிட்டது. தென்னிந்தியச் சகுனங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1912இல் எழுதிய நூலிலும் மாட்டுச் சுழிகளுக்கு இப்படிப் பலன்கள் பதிவாகியிருக்கின்றன. நூறு வருடம் தாண்டியும் நாம் அதே பட்டியலைக் கையில் வைத்திருக்கிறோம்.

அம்மாவிடம் பேசும்போது அவர் நம்பிக்கையை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். மாட்டைப் பார்த்து வரப்போவதை அறிவது நம் ஊரில் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் இடைக்குலத்து மாதரி சொல்கிறாள்: "குடப்பால் உறையா, குவியிமில் ஏற்றின் மடக்கண் நீர் சோரும், வருவதொன்று உண்டு." பிரை ஊற்றிய பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, ஏதோ நடக்கப்போகிறது என்கிறாள். ஒரு வைத்தியனாக இந்த வரியை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைக்கும் ஒரு வீட்டில் பால் உறையவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, மாட்டுக்கு ஊசி ஏதும் போட்டீர்களா, மடியில் வீக்கம் உண்டா என்பதுதான். ஆன்டிபயாடிக் கலந்த பாலில் தயிர்க் கிருமி வளராது. கண்ணில் நீர் வடிந்தால் கண்ணில் புழுவா, காய்ச்சலா என்று பார்ப்பேன். மாதரி பார்த்தது அன்றைக்கு மாறியிருந்த அடையாளங்களை. உங்கள் மாட்டின் சுழியோ அது பிறந்த அன்று இருந்தபடியே இருக்கிறது. மூன்றரை வருடமாக அது உங்கள் கட்டுத்தரையில்தானே நிற்கிறது? அம்மாவிடம் இதை மட்டும் கேளுங்கள்.

அதே குரவையில் காளைகளைக் காரி, நெற்றிச் செகிலை, நுண்பொறி வெள்ளை என்று நிறத்தாலும் புள்ளியாலும் அடையாளம் சொல்கிறார்கள். அடையாளத்துக்குச் சுழியையும் அப்படி வைத்துக்கொள்ளலாம், தவறே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நெற்றிச் சுழிக்கும் மாட்டின் குணத்துக்கும் கொஞ்சம் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவில் விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண்மட்டத்துக்கு மேலே சுழி உள்ள மாடுகள், அடைத்துப் பிடிக்கும்போது மற்றவற்றைவிட அதிகம் மிரண்டன. இது நெற்றிச் சுழியைப் பற்றியது, மிரட்சியைப் பற்றியது. முதுகுச் சுழிக்கும் வீட்டுச் சாவுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

உதைப்பதற்குக் காரணம் மடியில் இருக்கலாம். தலைச்சன் மாட்டுக்கு மடி இறுகி நீர் கோத்திருக்கும், காம்பு கூசும். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் அது மடிநோய், அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். திரி இல்லையென்றால் காம்பில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், கறக்கிறவர் நகத்தையும் பாருங்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டு, சுரப்பு விட்ட பிறகு கறவுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் வந்தால் காங்கேயத்துக்கு அது நியாயமான பால். அதற்கு மேல் இழுக்கப் பார்த்தால் கன்று வாடிவிடும்.

லட்சணம் பார்க்க வேண்டுமென்றால் இப்படிப் பாருங்கள். தண்ணீர் தெளித்த மண்ணில் மாட்டை நிதானமாக நடத்திக்கொண்டு போங்கள். முன்னங்குளம்பு பதிந்த தடத்திலேயே, அல்லது அதையொட்டி, பின்னங்குளம்பு விழ வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. குளம்பு இரண்டும் விரியாமல் சேர்ந்திருக்க வேண்டும். முதுகு தொய்யக் கூடாது. நான்கு காம்பும் அளவொத்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். கொறங்காட்டில் நாள் முழுதும் கொழுக்கட்டைப் புல்லைத் தேடி நடக்கிற மாட்டுக்குக் காலும் குளம்பும்தான் ஆயுசு. பல வருடம் முன்பு ஒரு விவசாயி சுழி சுத்தம் என்று அதிக விலை கொடுத்து வாங்கிய எருதை எனக்குக் காட்டினார். முதுகில் ஒரு குறையும் இல்லை. பின்குளம்பு விரிந்து, ஒரே மழைக்காலத்தில் நொண்டி நின்றுவிட்டது.

சந்தையில் சுழிக்கு விலை குறையும் என்பது நிஜம். கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப் போனாலும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது சுழியைச் சொல்லித்தான் குறைப்பார்கள். விற்கப் போகிறவருக்குத்தான் அது நஷ்டம், வைத்துக்கொள்கிறவருக்கு இல்லை. உங்கள் தரகர் பாதி விலைக்கு வாங்கி எங்கே கொண்டுபோவார் என்பதையும் யோசியுங்கள்.

கன்றுக்கு இப்போதே குடற்புழு மருந்து கொடுங்கள். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசியை ஒரு முறை போடுங்கள். கிடேரிக் கன்றுக்கு மட்டும்தான், வாழ்நாளில் ஒரு தடவை போதும். அந்த ஊசி போடும் சமயத்தில்தான் சிவப்பும் கழிய ஆரம்பிக்கும்.