அப்பாவின் கட்டியில் நேர்ந்த ஆர்.என்.ஏ. திருத்தம் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பல ஆண்டுகளாக ஹெபடைட்டிஸ் பி தொற்று இருந்தது. சென்ற ஆண்டு கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. பரம்பரை மரபணுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. ஆனால் டி.என்.ஏ. சரியாக இருந்தாலும் ‘ஆர்.என்.ஏ. எடிட்டிங்’ கோளாறால் கல்லீரல் புற்றுநோய் உருவாகலாம் என்று படித்தேன். நானும் தங்கையும் அதற்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்த செய்தி சரியானதுதான். ஆனால் அது கட்டியின் உள்ளே நேர்வதைப் பற்றியது. உங்கள் இருவருக்கும் தேவைப்படுவது வேறொரு ரத்தப் பரிசோதனை. காரணத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் மூல ஏட்டைத் தொடாமல் தம் படியில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அதைப் பாடபேதம் என்கிறோம். செல்லிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. டி.என்.ஏ. மூல ஏடு, ஆர்.என்.ஏ. அதன் படி. அடார் எனப்படும் நொதிகள் அந்தப் படியில் ‘ஏ’ என்று குறிக்கப்படும் எழுத்தான அடினோசினை இனோசினாக மாற்றுகின்றன. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதை ‘ஏ’ என்று படிக்காமல் ‘ஜி’ என்று படிக்கிறது. இந்தத் திருத்தம் நோயின் அடையாளம் அன்று. மூளையில் நரம்புச் செய்தியை வாங்கும் குளூட்டமேட் ஏற்பி ஒன்றுக்கான ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் எழுத்து ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். அங்கே திருத்தாமல் விடுவதுதான் கேடு.

கல்லீரல் புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பை, ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. அசின்1 என்னும் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால், புரதச் சங்கிலியின் 367-ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் கிளைசின் வந்து அமர்கிறது. அதன் விளைவைப் புரிந்துகொள்ள ஆன்டிசைம் என்னும் இன்னொரு புரதத்தை அறிய வேண்டும். செல் பெருக்கத்தைத் தூண்டும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ், சைக்ளின் டி1 ஆகியவற்றை அழிவுக்கு அனுப்பி, ஆன்டிசைம் ஒரு பிரேக் போலச் செயல்படுகிறது. அந்த பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதே அசின்1-இன் வேலை. திருத்தப்பட்ட அசின்1 வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடிப்பதால், அழிய வேண்டிய புரதங்கள் தங்கிவிடுகின்றன, செல்களும் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே நோயாளியின் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே வரிசைப்படுத்தினால், டி.என்.ஏ. வரைபடத்தின் அந்த இடத்தில் ‘ஏ’யைக் குறிக்கும் பச்சைக் கூம்பு மட்டும் நிற்கும்; ஆர்.என்.ஏ. வரைபடத்தில் அதே இடத்தில் பச்சைக் கூம்பின் மீது ‘ஜி’யைக் குறிக்கும் கறுப்புக் கூம்பும் ஏறி நிற்கும். உங்கள் அப்பாவின் மரபணு அறிக்கை அந்த முதல் வரைபடத்தைப் போன்றது. கட்டியில் திருத்தம் எவ்வளவு இருந்தாலும் அதில் தெரியாது. கட்டியில் இருந்திருந்தாலும் அது விந்தணு வழியாக உங்களுக்கு வந்திருக்காது.

இந்தத் திருத்தம் ஏன் மிகுகிறது? இதைச் செய்யும் அடார் நொதியான அடார்1-இன் ஒரு வடிவம், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தால் தூண்டப்படுவது; வைரஸ் தொற்றும் நாள்பட்ட அழற்சியும் உள்ள கல்லீரலில் அதற்கான தூண்டுதல் இருக்கிறது. தவிர, அடார்1 மரபணு முதலாம் குரோமோசோமின் நீண்ட கையில் அமைந்துள்ளது. கல்லீரல் கட்டிகளில் அந்தக் கை கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. கட்டிகளில் அடார்1 மிகுந்து, அதே குடும்பத்தின் இன்னொரு நொதியான அடார்2 குறைவதையும் பின்னர் கண்டறிந்தார்கள். ஆகவே சில இடங்களில் திருத்தம் மிகுதி, கோபா என்னும் புரதம் போன்ற இடங்களில் திருத்தம் போதாமை என இரண்டுமே சிக்கலாகின்றன.

திருத்தத்தை மிகைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய எச்சரிக்கையும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஷின்யா யமானகா, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் நோக்கில் அபோபெக்1 என்னும் வேறு வகைத் திருத்த நொதியை எலிகளின் கல்லீரலில் மிகுதியாகச் சுரக்கச் செய்தார். அந்த எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. அந்த ஆய்வு 1995-இல் வெளியானது.

அப்படியானால் அடார்1-ஐத் தடுக்கும் மாத்திரை இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. நம் சொந்த ஆர்.என்.ஏ.வை வைரஸ் என்று உடல் தவறாக எண்ணித் தாக்காமல் காப்பதும் அடார்1-இன் வேலை என்பதால், அதை முழுவதும் அடக்குவது எளிய காரியம் அன்று. ‘எடிட்டிங் பரிசோதனை’ என்று யாரேனும் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் சிகிச்சையை மாற்றக்கூடிய விடை எதுவும் அதில் கிடைக்காது.

உங்கள் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடியது ஹெபடைட்டிஸ் பி வைரஸ்தான். எனவே நீங்கள், தங்கை, அம்மா மூவரும் ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் (HBsAg), அதற்கான எதிர்ப்பொருள் (anti-HBs), வைரஸின் உட்கருவுக்கான எதிர்ப்பொருள் (anti-HBc) ஆகிய மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணைத் தடுப்பூசி போதும். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் கல்லீரல் நிபுணரிடம் சென்று வைரஸ் அளவையும் கல்லீரல் இறுக்கத்தையும் அளந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் புற்றுநோய் வந்திருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எப்போது தொடங்குவது என்று அவரிடமே கேளுங்கள். அப்பா வைரஸை அடக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், கட்டியை எடுத்தாகிவிட்டது என்று தாமாக அதை நிறுத்தக் கூடாது. வீட்டில் ஷேவிங் பிளேடையும் நகவெட்டியையும் இன்றே தனித்தனியாக்குங்கள்.