பிபிஏ மார்க்கெட்டிங்: இந்தக் காலேஜா, அந்தக் காலேஜா?

18 வருடம் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் விற்றவன் நான். இப்போது வாரத்தில் மூன்று நாள் மார்க்கெட்டிங் வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, கேளுங்கள். "எது பெஸ்ட் காலேஜ்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (கரூர், மாணவர்): சார், தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, கோவை பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி இரண்டிலும் பிபிஏ கிடைக்கும்போல் இருக்கிறது. மார்க்கெட்டிங்தான் ஆசை. அப்பா பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறார். எதில் சேரலாம்?

பதில்: தம்பி, இரண்டுமே பெயர் உள்ள இடங்கள். கிறிஸ்தவக் கல்லூரி 1837-இல் தொடங்கியது, பிஎஸ்ஜி 1947-இல். இரண்டுக்கும் 1978-இலேயே தன்னாட்சி கிடைத்துவிட்டது. அதாவது பாடத்திட்டத்தை அவர்களே வகுக்கிறார்கள், பரீட்சையை அவர்களே நடத்துகிறார்கள். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். கிறிஸ்தவக் கல்லூரிக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகம், பிஎஸ்ஜிக்குப் பாரதியார் பல்கலைக்கழகம். ஆகவே முதல் வேலையாக இரண்டு பாடத்திட்டங்களையும் இறக்கி, மார்க்கெட்டிங் தாள்களை விரல் விட்டு எண்ணு. நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு இரண்டும் இருக்கின்றனவா என்று பார். பல இடங்களில் பிபிஏ என்பது எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்த தட்டுச் சாப்பாடு.

அடுத்தது ஊர். மார்க்கெட்டிங் படிப்பவனுக்கு ஊரும் ஒரு வகுப்பறைதான். சென்னை என்றால் விளம்பர ஏஜென்சி, மீடியா, வங்கி, பெரிய கம்பெனிகளின் மண்டல அலுவலகம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இன்டர்ன்ஷிப்புக்குப் போய்விடலாம். கோவை வேறு மாதிரி. அங்கே பொருளைச் செய்பவனே பக்கத்தில் இருக்கிறான். பம்புசெட், வெட்கிரைண்டர், கொஞ்சம் தள்ளினால் திருப்பூர் பனியன்.

பம்புசெட்டை எடுத்துக்கொள். பணம் கொடுப்பவர் விவசாயி. ஆனால் எந்தக் கம்பெனி மோட்டார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் போர்வெல் மெக்கானிக். "இதைப் போடுங்க, ரிப்பேர்னா நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதனால்தான் மெக்கானிக்குகளைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, டி-ஷர்ட் கொடுத்துக் கூட்டம் நடத்துகிறார்கள். வாங்குபவன் ஒருவன், முடிவு செய்பவன் ஒருவன். இந்த ஒரு விஷயத்தைக் கடைத்தெருவில் நின்று பார்த்தவனுக்குப் பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் மிச்சம்.

அப்பாவின் தொழிலுக்குத் திரும்பப் போகிறாய் என்றால் நான் கோவை என்பேன். கரூர் விரிப்பை வெளிநாட்டுக் கடைக்காரன் தன் பெயர் போட்டு விற்கிறான். நம் பெயரில் ஏன் விற்க முடியவில்லை என்ற கேள்வி உனக்கு அங்கேதான் உறைக்கும். விளம்பரம், மீடியா என்று போகிறாய் என்றால் தாம்பரம்.

வேலை விஷயத்தில் என் வழக்கமான எச்சரிக்கை: அதிகபட்ச பேக்கேஜ் போட்ட போஸ்டரைப் பார்க்காதே. அது ஒரு பையனின் சம்பளம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த தரவு இணையத்தில் கிடைக்கும். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் (வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம்) என்ன என்று அதில் இருக்கும். அது முழுக் கல்லூரிக்குமான கணக்கு. பிபிஏவுக்குத் தனிக் கணக்கைத் துறைத்தலைவரிடம் கேள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி (வேலூர், தாயார்): மகளுக்கு ஒரு கல்லூரியில் பி.காம், இன்னொன்றில் பிபிஏ. எது நல்லது?

பதில்: மேடம், சிஏ (ஆடிட்டர்) பக்கம் ஒரு கண் இருந்தால் பி.காம். பட்டத்துக்குப் பிறகு நேரடியாக சிஏவின் இரண்டாம் கட்டமான இன்டரில் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும், மற்றவர்களுக்கு 60 வேண்டும். எம்பிஏதான் என்றால் இரண்டும் ஒன்றே. பிபிஏ என்றால் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். 2024-25-இலிருந்து அது ஏஐசிடிஇயின் கீழ் வந்துவிட்டது.

கேள்வி (திருச்சி): மதியம் நடக்கும் ஷிஃப்ட் 2-இல் படித்தால் மதிப்புக் குறைவா?

பதில்: பட்டத்தில் ஷிஃப்ட் எழுதியிருக்காது. ஃபீஸில் எழுதியிருக்கும்.

கேள்வி (சேலம்): தமிழ்நாட்டில் மார்க்கெட்டிங்குக்கு பெஸ்ட் காலேஜ் எது சார்?

பதில்: முதல் பத்தி.

கேள்வி (திருநெல்வேலி, விநியோகஸ்தர்): இது கேள்வி இல்லை. 25 வருடமாக ஏஜென்சி நடத்துகிறேன். என்னிடம் வரும் பிபிஏ பையன்களுக்கு ஒரு நாள் லைன் போக, அதாவது கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்க, தெரியவில்லை. வெயில் என்கிறான். கடலூரில் ஷாம்பு பாக்கெட் விற்று ஆளான கவின்கேர் நிறுவனர் சி.கே.ரங்கநாதன் எந்த பிபிஏ படித்தார்? பையன்களின் காசை ஏன் வீணடிக்கிறீர்கள்?

பதில்: அண்ணாச்சி, லைன் போகாதவன் மார்க்கெட்டிங் பேசக்கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி. நானும் மூன்று வருடம் லைன் போனவன். 40 கடையில் 11 பில் விழுந்த நாளெல்லாம் உண்டு.

ஆனால் ரங்கநாதனை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். 1983-இல் 15,000 ரூபாயோடு ஆரம்பித்தார், சரி. லைன் போனதால் மட்டுமா ஜெயித்தார்? எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் ஷாம்பு இலவசம் என்றார். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். முதலில் அடுத்தவன் வாடிக்கையாளரை இழு, பிறகு அவரையே மறுபடி வாங்க வை. இதை வகுப்பில் ஒரு முழு மணி நேரம் நடத்துவேன்.

விநியோகஸ்தர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லையே!

பதில்: எடுக்கவில்லைதான். அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷே என்னும் சின்னப் பாக்கெட்டில் போட்டுக் காட்டியவர். வீட்டிலேயே வகுப்பு நடந்திருக்கிறது. அப்படி அப்பா அமையாதவர்கள்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள் அண்ணாச்சி.

கேள்வி (மதுரை, தகப்பனார்): நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டால் எங்களுக்கும் பதில் சொல்லலாம். மார்க்கெட்டிங் என்றால் டை கட்டி வீடு வீடாக ஏறி இறங்குவதுதானே? பையனை அதற்கா படிக்க வைப்பது?

பதில்: மன்னிக்கவும், அண்ணாச்சி கிளறிவிட்டார். ஏறி இறங்குவது விற்பனை. எந்த வீட்டில், எந்த விலைக்கு, எதைச் சொல்லி ஏற வேண்டும் என்று கண்டுபிடிப்பது மார்க்கெட்டிங். ஆரம்பத்தில் பையன் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி (ஈரோடு): கல்லூரிக்குப் பதில் மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ்?

பதில்: கல்லூரியோடு சேர்த்து. பதிலாக வேண்டாம். எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதப் பட்டம் வேண்டும், அதில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதமும் வேண்டும்.

கேள்வி (நாமக்கல்): டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் மட்டும் போதுமா?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): இப்போதைக்கு ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, இரண்டாவதில் கிடைத்தால் மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துக் கையோடு திருப்பித் தர வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளாவது முன்னால் விலகினால் முழுப் பணமும் வர வேண்டும், நடைமுறைச் செலவு என்று பிடித்தாலும் அது 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றும் அதிலேயே இருந்தது. என் அக்கா மகனின் மாற்றுச் சான்றிதழை ஒரு கல்லூரி 19 நாள் இழுத்தடித்தது. அந்த அறிவிப்பை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகுதான் பீரோ திறந்தது.

கேள்வி (கரூர் மாணவர், மறுபடி): சார், இரண்டு பாடத்திட்டமும் எடுத்துவிட்டேன், எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: ஹாஸ்டல் சாப்பாடு எதில் நன்றாக இருக்கும்?

பதில்: அப்பாவையே கூட்டிக்கொண்டு போ தம்பி. மத்தியானம் சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.