நெட்வேர்க்கிங் படிக்க நினைக்கும் மகனுக்கு முதல் மூன்று மாதம்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு ஒரு சீ, இரண்டு எஸ். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை. நெட்வேர்க்கிங், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற தொழில், படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வேர்க் சான்றிதழான சிசிஎன்ஏக்குரிய வகுப்புக்குக் காசு கட்டக் காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்டார்.

அம்மா, அன்று அரை மணித்தியாலத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிற மற்றப் பெற்றோருக்கும் உதவும்.

உங்கள் மகனிடம் நான் பாடம் எதுவும் கேட்கவில்லை. "வீட்டில் இன்டர்நெட் வராவிட்டால் என்ன செய்வீர்?" என்றுதான் கேட்டேன். "ரவுட்டரை நிப்பாட்டிப் போடுவேன்" என்றார். அதற்குப் பிறகும் வராவிட்டால்? கொஞ்சம் யோசித்தார். "என்ட லப்டொப்பில மட்டும் வரேல்லையா, அம்மாவின்ட ஃபோனிலயும் வரேல்லையா எண்டு பார்ப்பேன்."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பிழை ஒரு கருவியிலா, வீடு முழுவதிலுமா என்று பிரித்துப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நெட்வேர்க் வேலையில் பாதி இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான். ஆகவே பிள்ளைக்கு இது ஒத்து வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் காப்பை இப்போது தொடாதீர்கள். மூன்று மாதம் வீட்டிலேயே படிக்கட்டும்.

எங்கே தொடங்குவது? அவருடைய லப்டொப்பிலேயே. விண்டோஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்தால் 192.168.1.23 மாதிரி ஓர் எண் வரும். அதுதான் அந்த லப்டொப்பின் முகவரி. பக்கத்திலேயே 255.255.255.0 என்று இன்னோர் எண் இருக்கும். பிள்ளைகள் பயப்படுகிற இடம் இது, அதனால் வெள்ளவத்தையையே வைத்துச் சொல்கிறேன். முதல் மூன்று எண்களை ஒழுங்கையின் பெயர் என்றும் கடைசி எண்ணை வீட்டு இலக்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கையின் பெயர் எந்த இடத்தோடு முடிகிறது என்று 255கள் காட்டுகின்றன. ஹம்டன் ஒழுங்கையில் ஒரு வீட்டிலிருந்து அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்குப் போகக் காலி வீதிக்கு ஏற வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் ஏறத்தான் வேண்டும். ஏறுகிற அந்த முனைதான் கேட்வே, அதாவது உங்கள் ரவுட்டர். இப்படி ஓர் ஒழுங்கையில் 256 இலக்கங்கள் உண்டு. முதலாவது ஒழுங்கைக்கே உரியது, கடைசி எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கு. மிச்சம் 254 கருவிகளுக்கு.

அப்புறம் பிங். ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்துப் பதில் வருகிறதா என்று கேட்கிற கட்டளை. முதலில் 127.0.0.1, அது தன்னையே தட்டிப் பார்ப்பது. அடுத்தது ரவுட்டர். அதற்கடுத்தது வெளியே, இன்டர்நெட்டில் இருக்கிற கூகுளின் முகவரி 8.8.8.8. கடைசியாக ஓர் இணையத்தளத்தின் பெயர். எண்ணைத் தட்டும்போது பதில் வந்து, பெயரைத் தட்டும்போது வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸில்தான் பெரும்பாலும் கோளாறு. ஐபிகொன்ஃபிக்கில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், லப்டொப்புக்கு முகவரி கொடுக்க யாரும் கிடைக்கவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று விளங்கிக்கொள்ளலாம். இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால், நெட்வேர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டுகிற ஓஎஸ்ஐ மாதிரியைப் புத்தகத்தில் பார்க்கும்போது பாடமாக்கத் தேவையில்லை. ஏற்கனவே தெரிந்ததற்குப் பெயர் சொல்வது போலத்தான் இருக்கும்.

கைவேலையும் வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ சில மீற்றர் நெட்வேர்க் வயர், வயர் முனையில் போடுகிற ஆர்ஜே 45 தலைகள், அவற்றை அழுத்துகிற கிரிம்பர் வாங்கிக் கொடுங்கள். வயரை உரித்தால் உள்ளே எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும். வெளியிலிருந்து வருகிற மின் குறுக்கீடு சிக்னலைக் குழப்பாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு, அதனால் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. வரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடிக்கு நடுவில் நீலச் சோடி வருவதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் பிழைவிடுவது அந்த இடத்தில்தான். முதல் ஐந்தாறு தலை வீணாகும், ஏச வேண்டாம்.

பெரிய ரவுட்டர், சுவிட்ச் எதையும் வாங்காதீர்கள். சிஸ்கோவின் பக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். திரையிலேயே நெட்வேர்க் கட்டிப் பார்க்கலாம்.

சரி, மூன்று மாதத்துக்குப் பிறகு? ஆர்வம் இன்னும் இருந்தால் பணச் செலவைப் பற்றிக் கதைக்கலாம். சிசிஎன்ஏ இப்போது ஒரே பரீட்சை, இலக்கம் 200-301. கட்டணம் 300 அமெரிக்க டொலர், வகுப்புக் காசு வேறு. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அனுபவமில்லாமல் அவசரப்பட்டு எழுதி, அது அலுமாரியில் காலாவதியாகக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனம் நொந்து போகும். அரசாங்க வழியில் போனால் மருதானை தொழில்நுட்பக் கல்லூரியில் என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைக்குரிய பாடநெறிகளைப் பாருங்கள். 4ஆம் மட்டம் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்க, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டமான பிஐடி இருக்கிறது. தனியார் வகுப்பென்றால், மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். கவலை நியாயமானது. பரீட்சையும் ஆங்கிலம், திரையில் வருகிற பிழைச் செய்தியும் ஆங்கிலம். தினமும் ஒரு பிழைச் செய்தியைக் கொப்பியில் எழுதி, அதன் கருத்தைத் தமிழில் தனக்குத்தானே சொல்லட்டும். மூன்று மாதத்தில் தொண்ணூறு வரி சேரும்.

முதல் வேலை ஏசி அறையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏணியில் ஏறிச் சீலிங்குக்குள் வயர் இழுப்பது, இரவு ஷிஃப்டில் தொலைபேசி எடுப்பது, இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள். இதை மகனுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது அவர் தன் கையால் இரு பக்கமும் தலை போட்ட ஒரு வயரைக் கொண்டுவரட்டும். என்னிடம் டெஸ்டர் இருக்கிறது. எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால், அன்றைக்கே அடுத்த படியைப் பேசுவோம்.