குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: மருந்தைக் கேட்கிறீர்கள், கரணையை யார் கேட்பது?

கேள்வி: மாசியில் மூன்று ஏக்கர் முள்ளுவாடி ரகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நட்டேன், சொட்டுநீர்ப் பாசனம். இப்போது மூன்று மாதப் பயிர். வடக்கு ஓரத்தில் குருத்து சுருண்டு கொத்தாக நிற்கிறது, உள்ளே வெள்ளை மாவு. மருந்துக்கடையில் மூன்று மருந்தைக் கலந்து பத்து நாளுக்கு ஒருமுறை அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் உழுதுவிடு என்கிறார். மகசூல் தேறுமா? இந்த முறை லாரியில் வந்த குச்சியை மலிவாக வாங்கி நட்டேன். (ராசிபுரம் பகுதி விவசாயி)

பதில்: உழ வேண்டாம். மூன்று மருந்தும் வேண்டாம். கடிதத்தின் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு கொத்தைப் பிரித்து, பூச்சி மேலிருக்கும் மாவை ஊதிவிட்டுப் பாருங்கள். உடம்பு மஞ்சளாக இருந்தால் 2008இல் வந்த பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. நீங்கள் சொல்லும் கொத்துக்குருத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். தென் அமெரிக்கப் பூச்சியான இது, 2020இல் திருச்சூர்ப் பக்கம் தென்பட்டு அப்புறம் சேலம், நாமக்கல் வந்தது. இதில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு கரணையில், அதாவது நடுகிற குச்சித் துண்டில், ஒன்று ஒட்டியிருந்தால் போதும், காடு முழுக்கப் பரவிவிடும்.

அதனால்தான் கரணையைக் கேட்கிறேன். கணுவின் இடுக்கில் மாவு ஒட்டியிருந்தால் தூரத்திலிருந்து தெரியாது. லாரிக் குச்சி எந்தக் காட்டில் வெட்டியது, அங்கே குருத்து எப்படி இருந்தது என்று ஏற்றியவருக்கும் தெரியாது, இறக்கியவருக்கும் தெரியாது. தார்ப்பாய் போடாமல் வரும் லாரியோ, வழியெல்லாம் குஞ்சுகளை விதைத்துக்கொண்டே வருகிறது. உரத்துக்கும் கிழங்கு பிடுங்கும் கூலிக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் கரணைக்கு மட்டும் நூறு ரூபாய் மிச்சம் பார்க்கிறார்கள். எனக்கு இது கடைசிவரை புரியாத கணக்கு. அறுவடைக்கு முன்பே உங்கள் காட்டிலோ, நீங்கள் கண்ணால் பார்த்த காட்டிலோ நல்ல செடிகளுக்குத் துணி கட்டி வையுங்கள். அதிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். நுனியும் அடியும் ஒதுக்கி, நடுப்பகுதியை ஒரு சாண் அளவில் வெட்டி, கணுவைக் கையில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தாய்லாந்தில் இந்தப் பூச்சி வந்தபோது தயமீதாக்சாம் என்ற பூச்சிமருந்துக் கரைசலில் கரணையைச் சில நிமிடம் நனைத்து நட்டார்கள். மருந்துக்கு இந்தப் பயிரில் ஒரு இடம் உண்டென்றால் அது அங்கேதான். உங்கள் வடக்கு ஓரக் குச்சியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சும்மா கேட்டாலும்கூட.

சரி, இப்போதைய பயிருக்கு வருவோம். மூன்று மாதம் கெட்ட வயதுதான். எட்டு மாதத்தில் வந்திருந்தால் கிழங்கு ஓரளவு திரண்டிருக்கும். காட்டைக் குறுக்கே நடந்து நூறு செடியைப் பாருங்கள். கொத்து விழுந்தது பத்துக்குள் என்றால் பயம் இல்லை. அந்தக் குருத்துகளைக் கிள்ளிச் சாக்கில் கட்டி எரியுங்கள், வரப்பில் போடாதீர்கள். அந்தச் செடிகளுக்கு மட்டும் மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கலந்து, குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கலாம். பாதிக்கு மேல் என்றால் கிள்ளி முடியாது, குளவிதான் வழி.

அனாகைரஸ் லோபெசி என்று ஒரு குளவி, எள்ளை விடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே தின்னும். 1970களில் ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சி மரவள்ளியை அழித்தபோது பராகுவேயில் தேடிப் பிடித்துக் கொண்டுபோனது இதைத்தான். நம் நாட்டுக்கு 2021இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் வரவழைத்தது. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். குளவி விட்ட பின் காட்டில் மாவு உதிர்ந்து, பழுப்பாக உப்பி, ஒட்டியபடி கிடக்கும் பூச்சிகளைக் கண்டால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கடைக்காரர் சொல்லும் கலவை முதலில் கொல்வது இந்தக் குளவியை. மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள், சுருண்ட இலைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை என்பது பூச்சியின் கணக்கு இல்லை, அவருடைய கடன் நோட்டின் கணக்கு.

மகசூல் தேறுமா என்றால், நல்ல மழை இறங்கினால் பூச்சி கழுவிப்போய்ச் செடி துளிர்க்கும். ஆனால் துளிர்க்கிற செடி கிழங்கின் மாவைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆலையில் பார்க்கும் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, இறங்கிவிடும். பயந்துபோய் அந்த நேரத்தில் பிடுங்கி விற்றுவிடாதீர்கள். இலை முற்றிக் கிழங்கில் மறுபடி மாவு ஏறிய பிறகு நாலு செடி பிடுங்கிப் பாயிண்ட் பார்த்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.